ஒருவர்கூட இறக்கவில்லை

ஒருவர்கூட இறக்கவில்லை. இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு, அதன் பின்னால் ஆதாரமென்று மூன்று மேற்கோள்களையும் காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறான் இந்தக் கட்டுரையை எழுதிய செங்குட்டுவன். இட்லி சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஒரு டாக்டரின் வாழ்க்கைக் கட்டுரையில் பிறப்பைத் தாண்டினேன், பள்ளிக்கூடத்தைத் தாண்டினேன், மருத்துவக் கல்லூரி, ராணுவத்தில் சேர்ந்தது, கல்யாணம், இரண்டு பெண்கள் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்து இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "1971 டிசம்பர் போரின்போது வடக்கு மலை எல்லையில் அவர் நடத்திய கள மருத்துவமனைக் கூடாரத்தில் சேர்க்கப்பட்ட வீரர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒற்றுப்பிழைகூட இல்லை, இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திட்டியிருக்கலாம். நாளைக்குப் பொங்கல், ராணுவ தினமும் நாளைக்கே. எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் நாளைக் காலையில் லெப்டினன்ட் கர்னல் டாக்டர் அதிசயராஜ் வரவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. கட்டுரைக்குப் பின்னால் விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நான் ‘தகுதி’ என்று போட்டால் வருவார், ‘தகுதியில்லை’ என்று போட்டால் அந்த இடத்துக்கு நாரையையோ கொக்கையோ பற்றி ஏதாவது ஒரு கட்டுரை வரும். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, இந்த அதிகாரம் மட்டும் உண்டு. மருத்துவக் கட்டுரையை வசுமதியிடம் கொடுத்தால் ரத்தம் சுண்டவைத்துத்தான் திருப்பிக் கொடுப்பாள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நர்ஸிங் பள்ளியில் ட்யூட்டராக இருந்து, பிள்ளைகள் போட்ட பேண்டேஜை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லியே ஓய்வு பெற்றவள், இணையத்துக்கு வந்ததும் இனிக்க இனிக்கப் பேசுவேனா. சாயங்காலத்துக்குள் முடிவைச் சொல்லியாகவேண்டும். வெளியே யாரோ போகிக்கு டயரைக் கொளுத்தி முடித்திருக்கிறார்கள், அந்த நாற்றம் ஜன்னலைச் சாத்திய பிறகும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அவருடைய படம் கட்டுரையின் வலது மூலையில் இருக்கிறது. மீசை இல்லை. இத்தனை வருஷமாக அவருக்கு நான் ஒரு மீசை வைத்திருந்தேன், அடர்த்தியாக, நுனி நரைத்து. கன்னத்தில் ஒரு குழியும் வைத்திருந்தேன். அது எங்கிருந்து வந்தது தெரியாது, அஞ்சு வயசில் வைத்தது. இந்த மனிதரோ மெலிந்து, காது பெரிதாக, பாங்கில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கிறார். இவர்தானா. அதிசயராஜ் என்று ஊருக்குப் பத்துப் பேரா இருப்பார்கள், இவர்தான். எங்கள் நைனா, என் அப்பா, ராணுவத்தில் நாயக்காக இருந்த முனிரத்தினம், அந்த டிசம்பரில் அந்த மலையில், இவருடைய கூடாரத்துக்குள் இரண்டு நாள் உயிரோடு இருந்து செத்துப்போனார். உயிரோடு இருந்து என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நைனாவோடு அதே படைப்பிரிவில் இருந்த ஏழுமலை மாமா, பக்கத்து ஊர்க்காரர், சண்டை முடிந்து லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். உறைபனியில் விரல் போன கையால் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "உங்க நைனா ரெண்டு நாளு கூடாரத்துல படுத்துக்கினு இருந்தாரும்மா. நம்ம தமிழ்க்கார டாக்டரு, அதிசயராஜின்னு பேரு, பக்கத்த வுட்டு நவுரவேல்ல. கம்பளி போத்தி, சூடா பால் குடுத்தாங்க. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவுதான்னு கேட்டாரு. தூக்கத்துலயே போய்ட்டாரு, நோவு ஒண்ணுமில்ல." ராணுவம் அனுப்பிய தந்தியில் போர்க்களத்தில் வீரமரணம் என்று மட்டும்தான் இருந்தது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள், பெட்டிதான் வந்தது. அதனால் எனக்கு நைனாவின் சாவு என்றால் ஏழுமலை மாமா சொன்ன அந்தக் கூடாரம்தான். கம்பளி, பால், மீசை வைத்த டாக்டர். அந்தக் கூடாரத்தில் யாராவது ஒருத்தர் ராத்திரி முழுக்க நைனா பக்கத்தில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துத்தானே நான் நர்ஸானேன். ஏழுமலை மாமாவே தாலுகா ஆபீஸில் வேலை வாங்கித் தருகிறேன் என்றார், அழுது அடம்பிடித்து நர்ஸிங் சேர்ந்தேன். இப்போது இந்தச் செங்குட்டுவன், திண்டுக்கல்லில் ஒரு வாத்தியார், நான் முகம்கூடப் பார்த்திராத ஒருவன், ஒருவர்கூட இறக்கவில்லை என்கிறான். அப்படியென்றால் நைனா அந்தக் கூடாரத்துக்கு வரவேயில்லை. அப்படியென்றால் எங்கே.

விதி ஒன்று இருக்கிறது, எனக்கு அது தெரியும், அதை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன். கட்டுரைக்கு உரியவரோடு மதிப்பாய்வாளருக்கு ஏதாவது தொடர்பு இருந்தால், காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு விலகிக்கொள்ளவேண்டும். தொடர்பா. எனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு, அவர் எனக்கு மாமனா மச்சானா. பார்த்ததுகூட இல்லை. காலையில் பெயரைப் பார்த்ததுமே விலகியிருக்கலாம், விலகவில்லை. ஏனென்றால் விலகினால் அடுத்தது இன்னொரு மதிப்பாய்வாளர் கோவர்த்தனிடம் போகும், அவர் மூன்று மேற்கோள் இருக்கிறதா, இருக்கிறது, தகுதி என்று போட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவார். பிறகு அந்த வரி கல்வெட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அதனால்தான் நானே அந்த மூன்று மேற்கோளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே திறந்தேன். முதலாவது, ஒரு நாளிதழின் ஞாயிறு மலர். ஒருவர்கூட இறக்கவில்லை என்று அச்சாக இருக்கிறது. இரண்டாவது, அவர் படித்த பள்ளியின் நூற்றாண்டு மலர், அதிலும் இருக்கிறது. மூன்றாவது ஒரு இணையதளம், அதிலும். சரி, முடிந்தது, நைனா, நீங்கள் வரவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. ஞாயிறு மலரில் அவர் பிறந்த ஊர் நாசரேத் என்று இருக்கிறது. பள்ளி மலரில், இணையதளத்தில், எல்லாவற்றிலும் நாசரேத். எங்கள் கட்டுரையில் மெய்ஞ்ஞானபுரம். அதுதான் சரி, செங்குட்டுவன் ஞானஸ்நானப் பதிவையே தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறான். அப்படியானால் நாசரேத் எங்கிருந்து வந்தது? கட்டுரையின் பழைய பதிப்புகளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். செங்குட்டுவன் கை வைப்பதற்கு வெகுகாலம் முன்னால், பெயர் சொல்லாத எவரோ ஒருவர் நாலு வரியில் இந்தக் கட்டுரையைத் தொடங்கி வைத்திருக்கிறார். அதில் நாசரேத். அதிலேயே ஒருவர்கூட இறக்கவில்லை. மேற்கோள் ஏதும் இல்லை. ஞாயிறு மலர் வந்தது அதற்கு அப்புறம். அதாவது பத்திரிகைக்காரர் எங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார், பள்ளிக்கூடமும் இணையதளமும் பத்திரிகையைப் பார்த்து எழுதியிருக்கின்றன, நாங்கள் அந்த மூன்றையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறோம். எங்கள் வாலை நாங்களே கடித்துக்கொண்டிருக்கிறோம். இதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மேசையைத் தட்டிவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து "இன்னாடி" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஆதாரம் இல்லை, வரி விழுந்தது, கூடாரம் எழுந்தது, நைனா மறுபடி கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் அது அப்படியே அடங்கிவிட்டது. ஒரு வரிக்கு ஆதாரம் இல்லையென்றால் அது பொய் என்று அர்த்தமில்லை, இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன் அடித்தபோது அவனாகத்தான் இருக்கும் என்று தெரியும். செங்குட்டுவனுக்கு நல்ல குரல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரல். "அக்கா, பொங்கலுக்கு முன்னாடியே வாழ்த்துச் சொல்லிக்கிறேன்" என்று ஆரம்பித்தான். மேற்கோள் மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது என்று சொன்னேன். பின்னால் எங்கேயோ குக்கர் விசிலடித்தது. "அந்த வரி பழைய பதிப்புலயே இருந்துச்சுக்கா. நான் எழுதல, எடுக்கவும் மனசு வரல. அதை எடுத்துட்டா அவரு சாதாரண டாக்டராயிருவாருக்கா. மூணு மாசமா லீவு நாள்ல எல்லாம் இதுதான் வேலை எனக்கு. அவரு மகள்ட்ட நாளைக்கு வந்துரும்னு சொல்லிட்டேன், அந்தம்மாவுக்கு எழுபது வயசாகப் போகுது." நான் அது ஒரு காரணமா என்றேன். இல்லைதான் என்றான், நல்ல பையன், சண்டை போடத் தெரியாத பையன். அப்புறம்தான் கேட்டான். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "சரிக்கா, ஒருத்தர்கூட சாகலைங்கிறதுக்கு ஆதாரமில்ல, ஒத்துக்கிறேன். யாராவது ஒருத்தர் செத்தாருன்னு எங்கயாச்சும் இருக்கா? உங்க கண்ணுல பட்டிருந்தா சொல்லுங்க, நானே இப்பவே எடுத்துர்றேன்." பார்க்கிறேன் தம்பி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பார்க்கிறேனாம். எதைப் பார்ப்பேன். ஏழுமலை மாமாவின் மடியையா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. என் நைனா செத்தார் தம்பி, விரல் இல்லாத ஒருத்தர் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார், எனக்கு அப்போது அஞ்சு வயசு. இதைத் தூக்கிக்கொண்டு வேறு யாராவது என்னிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சொந்த ஆய்வு, ஏற்க இயலாது. நாலே சொல்லில் முடித்திருப்பேன். அவனுடைய வரி ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதியது. என்னுடையது ஊர் பேர் தெரிந்த ஒருவர் சொன்னது. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவும் பெரிய வித்தியாசமில்லை, ஏனென்றால் செத்தவன் மகளிடம் வந்து உட்கார்ந்துகொண்டு யார்தான் நோகச் செத்தார் என்று சொல்வார்கள். நோவு ஒண்ணுமில்ல. இந்த ஒரு வார்த்தையை நானே எத்தனை வாசலில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வார்டுக்கு வெளியே நிற்பவர்களிடம், அம்மாக்களிடம். தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. கஷ்டப்பட்டவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன். எல்லா நர்ஸும் சொல்வார்கள். ஏழுமலை மாமா நர்ஸ் இல்லை, ஆனாலும் மனுஷர்.

அம்மாவைக் கேட்கலாம். கேட்கக்கூடாது, ஏன் கேட்கக்கூடாது, ஏழுமலை மாமா சொன்னது எனக்கு மட்டுமா, அவளும்தானே அங்கே இருந்தாள், கதவோரம் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. இருபத்திரண்டு வயசு அப்போது அவளுக்கு. அந்தக் கம்பளியையும் பாலையும் நம்பித்தானே இத்தனை காலத்தை ஓட்டியிருக்கிறாள், மறுகல்யாணம் பேச வந்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறாள், பென்ஷன் வாங்கக் கியூவில் நின்றிருக்கிறாள். நானும் ஒருநாள்கூட அதைப்பற்றி அவளிடம் வாய் திறந்ததில்லை. நைனா படத்துக்குப் பூ போடுவோம், டிசம்பரில் படைப்போம், அவ்வளவுதான், அந்த இரண்டு நாளைத் தொடமாட்டோம். தொட்டால் உடைந்துவிடும் என்று பயம், அவளுக்காகத்தான் பயம், எனக்கில்லை. எனக்கில்லை என்று சொல்லும்போதே எனக்குத்தான் என்று தெரிகிறது. அறுபதை நெருங்கப்போகிறேன், இன்னும் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன். பேசாமல் ‘தகுதியில்லை’ என்று போட்டுவிடலாம். நியாயமான காரணம் கையில் இருக்கிறது, ஒருத்தரும் குறை சொல்லமுடியாது, மேற்கோள் தன்னையே சுற்றுகிறது, வரி நீக்கப்படவேண்டும், வணக்கம். நைனா பெயரே வரவேண்டியதில்லை. நாளைக்கு நாரை வரும். அந்தம்மா, அதிசயராஜின் மகள், காலையில் போனைத் திறந்து பார்த்து நாரையைப் பார்ப்பாள். அவளுக்கும் ஒரு அப்பா. எனக்கென்ன வந்தது. தட்டச்சு செய்தேன், தகுதியி என்று வந்தது, நிறுத்தினேன். நான் எதற்காக இதைப் போடுகிறேன் என்று யாரும் கேட்கப்போவதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பேண்டேஜ் சரியாகக் கட்டியிருந்தாலும் எனக்குப் பிடிக்காத பெண் கட்டியது என்பதற்காக அவிழ்க்கச் சொன்னேனா என்றைக்காவது? இல்லை. அந்த ஒரு கௌரவத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் ஓய்வு பெற்றேன். லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். கால் தானாகப் போனது மாதிரிதான் இருந்தது, ஆனால் நான்தான் போனேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழும், தோல் கையோடு நிற்கும். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கை அள்ளினேன். ஒரு கொட்டையைப் பிதுக்கினேன், அது கிண்ணத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. "வேலைய வுட்டுட்டு இங்க இன்னா பண்ற" என்றாள். அம்மா, நைனா கூடாரத்தில் இரண்டு நாள் இருந்தார் என்று ஏழுமலை மாமா சொன்னாரே, அது நிஜமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது அழுகையை. அவள் பார்த்த பார்வையில் அழுகை இல்லை, ஒரு கவலைதான் இருந்தது, காய்ச்சல் இருக்கிறதா என்று சின்ன வயசில் பார்ப்பாளே, அது. "யாருனா இன்னானா சொன்னாங்களா?" என்றாள். யாரும் சொல்லவில்லை, அந்த டாக்டரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அவரிடம் ஒருத்தர்கூடச் சாகவில்லையாம் என்றேன். அவள் மறுபடி பிதுக்க ஆரம்பித்தாள். "அது செரிதான்" என்றாள். "உள்ள யாரும் சாவல போல."

அப்புறம் சொன்னாள், கையை நிறுத்தாமல், பருப்பையே பார்த்துக்கொண்டு. "உங்க நைனாவ உள்ளயே எடுத்துக்கலடி. ராவுல தூக்கிக்கினு போயிருக்காங்க. அந்த டாக்டரு வெளிய வந்து பாத்தாராம். வயித்த தொட்டுப் பாத்தாராம், லைட்டு அடிச்சிக் கண்ணப் பாத்தாராம். இவர அங்க வெய்யுங்கன்னு கையக் காட்டிட்டு அடுத்த ஆளுகிட்ட போய்ட்டாராம். அங்கன்னா வெளிய. பனியில ஒரு தார்ப்பாய விரிச்சிருந்தாங்களாம். இவரோட இன்னும் ரெண்டு பேரு அங்க கெடந்தாங்களாம். ஏழுமலை அண்ணன் காலப் புடிச்சிக் கெஞ்சிப் பாத்துருக்காரு. முடியாதுப்பா, உள்ள எடம் இல்ல, இவுரு பொழைக்கமாட்டாருன்னு அந்த டாக்டரும் அழுதாப்பலயே சொன்னாராம். அண்ணந்தான் கூடவே குந்திக்கினு இருந்தாரு. அதுலதான் அவரு வெரலு போச்சு. விடியறதுக்குள்ள உங்க நைனா போய்ட்டாரு." பாலா, கம்பளியா, நான் ஸ்கூலுக்குப் போகிறேனா என்று கேட்டதா என்று எதையும் நான் கேட்கவில்லை. எப்போது சொன்னார் என்று மட்டும் கேட்டேன். "அன்னிக்கேதான். நீ தெருவுல ஆடிக்கினு இருந்த. எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, பச்சக் கொழந்தம்மா, அதுகிட்ட நான் வேற மாதிரி சொல்லிக்கிறேன்னாரு. செரின்னேன். நீயும் அதையே புடிச்சிக்கினு நர்ஸுக்குப் படிக்கிறேன்னு நின்ன. அதுக்கு மேல எப்புடி சொல்றது?" இத்தனை வருஷமாக என்றேன். "நீ கேக்கலியே" என்றாள். "கேக்காத வரிக்கும் நல்லா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." அவளுக்காக நான் தொடாமல் வைத்திருந்ததை எனக்காக அவள் தொடாமல் வைத்திருக்கிறாள். அவள் வெறும் தரையில் படுத்திருக்கிறாள், கம்பளி முழுவதும் என் மேல். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், மொச்சையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன், ரொம்ப நேரம், நகக்கண்ணெல்லாம், ஆபரேஷனுக்குப் போகிறவள் மாதிரி.

சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கும், பச்சை நடந்து வரும், கறுப்பு. நான்தானே சொல்லிக்கொடுத்தேன். விபத்து நேர்ந்து ஒரே சமயத்தில் ஏகப்பட்ட பேர் வந்து விழுந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று பாடம், வருஷாவருஷம், கலர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு. பிழைக்கமாட்டார் என்று கறுப்பு நாடா கட்டியவரிடம் நிற்காதே, மனசு கேட்காது, ஆனாலும் நிற்காதே, நீ அங்கே நிற்கும் நேரத்தில் சிவப்பு ஒன்று கறுப்பாகிவிடும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு வருஷம் ஒரு பெண், பெயர் மறந்துவிட்டது, பற்கள் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், எழுந்து நின்று கேட்டாள், "அவங்க பக்கத்துல யாரு மேடம் இருப்பாங்க?" அது பாடத்தில் இல்லை, உட்கார் என்றேன். பாடத்தில் இல்லைதான். டாக்டர் அதிசயராஜ் செய்தது சரி. வயிற்றில் கை வைத்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும், குடல் கிழிந்து ரத்தம் கட்டிக் கல்லாக இருந்திருக்கும், உள்ளே இருந்தது எத்தனை கட்டில், எத்தனை பாட்டில் ரத்தம். நைனாவை உள்ளே எடுத்திருந்தால் உள்ளே இருந்த ஒருவன், எவளோ ஒருத்தியின் நைனா, வெளியே வந்திருப்பான். சரிதான். நானாக இருந்தாலும் கையைக் காட்டியிருப்பேன், அங்க வெய்யுங்கன்னு. சரி என்று தெரிந்தும் அந்தக் கை மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது, அழுதாராம், அழுதால் ஆயிற்றா, அழுதுகொண்டே ஒரு போர்வையை எடுத்து வெளியே எறிந்திருக்கலாமே. எறிந்தாரோ என்னவோ. ஏழுமலை மாமா சொன்ன கம்பளி அதுதானோ என்னவோ. மறுபடி ஆரம்பித்துவிட்டேன் பார், மறுபடி கம்பளி தேடுகிறேன்.

லேப்டாப் திரை அணைந்திருந்தது, தொட்டதும் வந்தது. தகுதியி என்று நான் விட்ட இடத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. செங்குட்டுவன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான், "அக்கா, ஏதாச்சும் கெடச்சுச்சா?" கிடைத்தது தம்பி. நீ வைத்திருக்கும் வரி உண்மை. ஆதாரம்தான் பொய், வரி உண்மை. சேர்த்தவர்கள் ஒருவரும் இறக்கவில்லை, இறக்கப்போகிறவர்களைச் சேர்க்கவில்லை. இதை நான் உன்னிடம் எப்படிச் சொல்வது, எந்த மேற்கோளைக் காட்டுவது, மொச்சை பிதுக்கிக்கொண்டிருக்கும் என் அம்மாவையா? தகுதி என்று போட்டால் அந்த மூன்று பேரும் நாளைக்கு மறுபடி பனியில் கிடப்பார்கள், ஊரே அந்தப் பக்கமாக நடந்து போகும். தகுதியில்லை என்று போட்டால் நான் மேற்கோளைக் காட்டிப் பழிவாங்குகிறேன், அதுவும் சரியாகச் செய்த ஒருவரை. இரண்டையும் என்னால் போடமுடியாது. எனக்கு அந்தக் கையைத் தெரியும், அதனால்தான் முடியாது. தகுதியியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். விலகல் என்று போட்டேன். காரணம் எழுதவேண்டும், விதி, நாங்களே எழுதிய விதி. பொதுவாக எல்லோரும் தனிப்பட்ட காரணம் என்று போட்டுவிட்டுப் போவார்கள், யாரும் துருவமாட்டார்கள். நானும் அதைப் போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டுரையில்தான் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்போம். பேச்சுப் பக்கத்தில் ஒருத்தர் நான் யாருடைய மகள் என்று சொன்னால் அதற்கு யாரும் மேற்கோள் கேட்பதில்லை. அதையும் அழித்தேன். அழித்துவிட்டு எழுதினேன், மதிப்பாய்வாளரின் தமிழில்தான் வந்தது, வேறு தமிழில் எனக்கு எழுத வராது. "இக்கட்டுரையை மதிப்பிடுவதிலிருந்து விலகுகிறேன். கள மருத்துவமனை பற்றிய வரிக்குத் தரப்பட்டுள்ள மூன்று மேற்கோள்களும் இக்கட்டுரையின் பழைய பதிப்பிலிருந்தே எடுக்கப்பட்டவை, வேறொருவர் சரிபார்க்கவும். டாக்டர் அதிசயராஜ் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை." குறை ஏதும் இல்லையா, பொய், அந்த வரியை எடுத்தேன். "என் தந்தை நாயக் முனிரத்தினம், 1971 டிசம்பரில், அக்கூடாரத்துக்கு வெளியே இறந்தார். உள்ளே இடம் இருக்கவில்லை." திரையில் நைனாவின் பெயரைத் தமிழில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பென்ஷன் தாளில்கூட இங்கிலீஷில்தான் இருக்கும். எனக்குக் கண் மறைத்தது, அழுதேன், சத்தம் போட்டே அழுதேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அம்மா வந்து நின்றிருந்தாள், கையில் மொச்சைத் தோல் ஒட்டியிருக்க.

"இன்னா எழுதுன, படி" என்றாள். படித்துக்காட்டினேன். நாயக் முனிரத்தினம் என்று வந்ததும் லேசாகத் தலையசைத்தாள், ரேஷன் கடையில் பெயரைக் கூப்பிட்டால் அசைப்பாளே அப்படி. கடைசி வரி வரைக்கும் கேட்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அந்த எழுத்து அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. போடட்டுமா என்று கேட்டேன். "போடு" என்றவள், நான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகும்போது என் தோளைத் தொட்டாள். "கூட ரெண்டு பேரு கெடந்தாங்கன்னு சொன்னேனேடி. அவங்களுக்கு யாரு எழுதுவாங்க?"

பேர் தெரியாதே அம்மா என்றேன். "தெரியாதுன்னே போடு" என்றாள்.

போட்டேன்.